பெல்ட் ஓரத்து உருளை

நெய்வேலி சுரங்கத்தில் எல்லார் கண்ணும் முதலில் பக்கெட் வீல் இயந்திரத்தின் மேல்தான் போகும். எனக்குப் பிடித்தது கன்வேயர் ஓரம் நிமிர்ந்து நிற்கும் சின்ன உருளை. பெல்ட் ஸ்வே சுவிட்ச் என்பார்கள். ஏறக்குறைய பாதி எடை ஈரமாகவே வரும் பழுப்பு நிலக்கரி ஒரு பக்கமாகக் குவிந்தால், பெல்ட் மெல்ல ஓரம் ஒதுங்கி உருளையை உரசும். உருளை பதறுவதில்லை; 'கர்ர்' என்று கூடவே சுற்றுகிறது. தள்ளல் கூடினால்தான் தண்டு சாயும், உள்ளே கேம் திரும்பும், மைக்ரோ சுவிட்ச் 'டிக்' என்னும். முதல் சாய்வுக்கு எச்சரிக்கை. இன்னும் சாய்ந்தால் பெல்ட்டே நின்றுவிடும். ஒதுங்கல் சரியானதும் ஸ்பிரிங் தண்டை நிமிர்த்திவிடும். எவ்வளவு பொறுமையான வேலை!

ஒளியால் உணரும் சென்சார் என்றால் இந்தப் புழுதியில் அதன் கண்ணாடியைத் துடைத்து மாளாது. காந்தப்புலத்தால் உணரும் பிராக்சிமிட்டி சுவிட்ச் எதையும் தொடுவதில்லை, தேய்வதுமில்லை. கப்பி சுற்றுவதை எண்ண அதுவே சரி. ஆனால் அதற்கு உலோகம்தான் தெரியும், ரப்பர் விளிம்பை அதனிடம் ஒப்படைக்க முடியாது. உருளையோ தொட்டுத் தெரிந்துகொள்கிறது. அதை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, சுற்றும் சத்தத்திலேயே பேரிங்கின் நிலையைச் சொல்லிவிடும் ஃபிட்டரின் காதும் லேசுப்பட்டதல்ல. பக்கத்திலேயே நீளமாக ஓடும் புல் கார்டு கயிற்றை எங்கே இழுத்தாலும் பெல்ட் நிற்கும். பிறகு யாராவது நடந்து போய் அந்தக் கயிறு இழுத்துவிட்ட சுவிட்சைக் கையால் விடுவித்தால்தான் மறுபடி ஓட்ட முடியும்.