கொலைகாரன் தப்பிக்க வேண்டும் என்று விரும்பியவர்கள்: 'ரெபெக்கா' நாவலும் அதன் வாசகர்களும்

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். ஒருமுறை டாப்னி டு மாரியரின் 'ரெபெக்கா'வை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டதற்கே எதிர்ப்பு. "காதல், மர்மம், மாளிகை, பேய் மாதிரி ஒரு வேலைக்காரி. இதைப் போய் உட்கார்ந்து பேசணுமா தோழர்?" என்றார் ஒரு நண்பர். அவர் நாவலைப் படித்து முடித்திருந்தார் என்பதும், இரண்டே ராத்திரியில் முடித்திருந்தார் என்பதும் பிறகு தெரிந்தது. அன்று மூன்று மணி நேரம் சண்டை நடந்தது. கலையும்போது யாரும் யாரோடும் உடன்படவில்லை. அந்தச் சண்டையிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பணக்காரச் சீமாட்டி ஒருத்திக்குக் கூலித் தோழியாக மான்டி கார்லோவில் இருக்கும் ஏழைப் பெண், மாக்சிம் டி வின்டர் என்கிற நாற்பத்திரண்டு வயதுக் கனவானைச் சந்திக்கிறாள். அவன் மனைவி ரெபெக்கா படகு விபத்தில் இறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. கல்யாணம் நடக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் அவனுடைய 'மாண்டர்லி' மாளிகை. அங்கே எதைத் தொட்டாலும் ரெபெக்கா. கைக்குட்டையில் அவள் எழுத்து, மேஜையில் அவள் ஒழுங்கு, வேலையாட்கள் வாயில் அவள் பேச்சு. வீட்டு நிர்வாகி மிசஸ் டான்வர்ஸ் செத்தவளின் அறையைக் கோயில் மாதிரி காத்து வருகிறாள். புதியவள் பொறாமையில் வெந்து சாகிறாள். பிறகு கடலுக்கடியில் படகு கிடைக்கிறது, அதற்குள் சடலமும். மாக்சிம் உண்மையைச் சொல்கிறான்: ரெபெக்காவை நான்தான் சுட்டேன்.

1938இல் வெளிவந்த நாள்தொட்டு இந்த நாவல் அச்சில் இல்லாமல் போனதே இல்லை. வாசகர்கள் பிரிந்து நிற்பதும் அன்று தொட்டு நடப்பதுதான். பதிப்பாளர் விக்டர் கோலன்ஸ் இதைக் காதல் கதை என்று விற்றார். எழுதியவரோ இது பொறாமையைப் பற்றிய கதை என்றார். ஆக, முதல் கருத்து வேறுபாடு ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் இடையிலேயே தொடங்கிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் வந்த கட்சிகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்சி: இது துன்பப்பட்ட ஆணைக் காதலால் மீட்ட பெண்ணின் கதை. இரண்டாவது கட்சி: மீட்பும் கிடையாது, மண்ணும் கிடையாது, பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு இன்னொரு பெண்டாட்டி உடந்தையாவதன் கதை. மூன்றாவது கட்சி: கதாநாயகி ரெபெக்காதான், மற்ற இருவரும் அவள் நிழலில் நடமாடும் சோனிகள். நான்காவது கட்சி நம் நண்பருடையது: இது வெகுஜனக் குப்பை, ஆளும் வர்க்கத்தின் தூக்க மாத்திரை.

இவை நாங்கள் கண்டுபிடித்தவை அல்ல. மேலைநாட்டு விமர்சனத்தில் இந்தக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர்கள் உண்டு. இந்த வகை மலிவுப்பதிப்பு நாவல்களைப் பற்றி ஜோயன்னா ரஸ் 1973இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும்: 'யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் புருஷன்தான் என்று நினைக்கிறேன்'. ஜானிஸ் ராட்வே 1984இல் வந்த தன் நூலுக்காகக் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடமே போய்ப் பேசினார். வீட்டு வேலைகளுக்கு நடுவே புத்தகத்தை விரித்துக்கொள்வது அந்தப் பெண்களுக்குத் 'தனக்கான நேரம்' என்பதை அவர் கண்டார். வாசிக்கும் செயல் ஒரு சிறு மறுப்பு, வாசிக்கப்படும் கதையோ பழைய குடும்பத்துக்கே திரும்பக் கொண்டுவிடுகிறது என்கிற முரணையும் கண்டார். 'குப்பை' என்று ஒதுக்கும் நண்பர்கள் ராட்வே செய்ததைப் போல ஒருமுறை போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

என் வாதம் வேறு. வாசகர்கள் நான்கு கட்சியாகப் பிரிவதல்ல முக்கியம். இந்தப் பிரதி ஒவ்வொரு வாசகரையும் உள்ளுக்குள்ளேயே இரண்டாக அறுக்கிறது. அந்த அறுப்பு எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று சுட்ட முடியும்.

மாக்சிம் கொலையை ஒப்புக்கொள்ளும் இடம் அது. 'நான் அவளைக் கொன்றேன்' என்று ஒருவன் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருக்கிற பெண் என்ன உணர வேண்டும்? பயம், அருவருப்பு, குறைந்தபட்சம் ஒரு கேள்வி. கதைசொல்லிக்கு இவை எதுவும் வந்து நிற்பதில்லை. அவள் மனம் ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொள்கிறது: இவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை. அவ்வளவுதான். நெஞ்சு லேசாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் சாவு, இன்னொரு பெண்ணின் நிம்மதியாக மாறுகிறது. இந்த இடத்தில் கதைசொல்லியை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. இருநூறு பக்கத்துக்கு மேல் அவள் பொறாமைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நமக்கும் நெஞ்சு லேசாகிறது. அதற்குப் பிறகு நாவல் முடியும்வரை நாம் பதைப்பது ஒன்றுக்காகத்தான்: அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது. 'சஸ்பென்ஸ்' என்று நாம் சொல்வது இங்கே கொலைகாரனின் பாதுகாப்பைப் பற்றிய நம் கவலையைத்தான்.

இதைப் பிரதி எப்படிச் சாதிக்கிறது? இரண்டு வேலைகள் செய்கிறது.

ஒன்று, பெயர். கதைசொல்லிக்குக் கடைசிவரை பெயர் இல்லை. அவளுக்கு அழகான, அபூர்வமான பெயர் என்று மாக்சிம் சொல்வான். என்ன பெயரென்று நமக்குச் சொல்லப்படாது. நம் அகத்திணை மரபிலும் பெயர் சொல்வதில்லை. ஆனால் அங்கே தலைவனுக்கும் இல்லை, தலைவிக்கும் இல்லை. இங்கே அவனுக்குப் பெயர் உண்டு, மாளிகைக்குப் பெயர் உண்டு, நாய்க்குப் பெயர் உண்டு. அவளுக்கு மட்டும் 'மிசஸ் டி வின்டர்' என்கிற, முன்னவள் விட்டுப்போன நாற்காலி. பெயரில்லாத அந்தக் காலி இடத்தில் வாசிக்கிறவர் சுலபமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இன்னொன்று, கூற்று. அகப்பாடலில் பரத்தைக்கும் கூற்று உண்டு. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு காதற்பரத்தை பேசுவதுதான். தலைவனை அவள் கேலி செய்வதை நாம் அவள் வாயாலேயே கேட்கிறோம். ரெபெக்காவுக்கு அந்த இடம் இல்லை. அவள் கெட்டவள், அன்பில்லாதவள், சொல்ல நாக்கூசும் காரியங்கள் செய்தவள் என்பதெல்லாம் யார் சொல்லித் தெரிகிறது? பெரும்பாலும், சுட்டவன் சொல்லித்தான். கல்யாணமான ஐந்தாம் நாள் ஒரு மலையுச்சியில் தன்னைப் பற்றி அவள் எதையோ சொன்னாளாம். அது என்ன என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறான். குற்றப்பத்திரிகையை வாசிக்காமலே தீர்ப்பைச் சொல்கிறான். நாமும் தலையாட்டுகிறோம். அவன் சுட்டபோது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள் என்பதும் அவன் சொன்னதுதான்.

இது போதாதென்று பிரதி இன்னொரு ஏற்பாடும் செய்கிறது. தன் வயிற்றில் வேறொருவன் பிள்ளை, அது மாண்டர்லிக்கு வாரிசாகும் என்று ரெபெக்கா அவனைச் சீண்டியதால் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. கடைசியில் லண்டன் மருத்துவர் பதிவேட்டைப் புரட்டிச் சொல்கிறார்: அவளுக்கு முற்றிய புற்றுநோய், சில மாதங்களில் இறந்திருப்பாள், கர்ப்பப்பையின் அமைப்பினால் பிள்ளையே பெற்றிருக்க முடியாது. ஆக, எப்படியும் சாகப்போனவள். தன்னைச் சுடவைப்பதற்காகவே பொய் சொன்னவள். கொல்லப்பட்டவளே கொலைக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டாள். அவள் உடம்பையும் கருப்பையையும் சாட்சிக்கூண்டில் ஏற்றி அவனை விடுதலை செய்கிறார்கள்.

இனி வர்க்கம். நம் நண்பர் 'ஆளும் வர்க்கம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாரே, அது பிரதிக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். இந்த நாவலில் கொலையை அம்பலப்படுத்தும் வாய்கள் எவை? படகு கட்டும் தொழிலாளி டேப்: பலகையில் ஓட்டை உள்ளேயிருந்து போடப்பட்டது என்று விசாரணையில் சொல்கிறான். தன் வேலையில் குறை சொல்லிவிடக் கூடாதே என்கிற தொழில் மானம் அவனுக்கு. ஃபேவல்: குடிகாரன், பணம் பறிக்க வந்தவன், ஆனாலும் 'இது தற்கொலை இல்லை, கொலை' என்று வாய்விட்டுச் சொல்பவன். கடற்கரையில் சுற்றும் மனவளர்ச்சி குன்றிய பென்: பார்த்தவன், பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்கிற பயத்தில் பார்க்கவில்லை என்கிறவன். பிறகு வேலைக்காரி டான்வர்ஸ். உண்மை இந்த நாலு பேரிடம்தான் துண்டுதுண்டாகக் கிடக்கிறது.

எதிர்ப்பக்கம் யார்? மாஜிஸ்திரேட் கர்னல் ஜூலியன், எஸ்டேட் மேலாளர் ஃபிராங்க் கிராலி, மரியாதைப்பட்ட அக்கம்பக்கம். கர்னல் மாண்டர்லியில் விருந்து சாப்பிடுகிறவர் என்று ஃபேவல் மூஞ்சிக்கு நேரே சொல்வான். அயோக்கியன் வாயில் வைக்கப்பட்டதால் அந்த உண்மை நமக்கு அசிங்கமாகக் கேட்கிறது. கர்னல் ஊகித்துவிட்டார் என்றுதான் மாக்சிமே நினைக்கிறான். ஊகித்தும் பேசாமல் இருப்பது அங்கே கண்ணியம் என்று பெயர் பெறுகிறது. வாசகர் எந்தக் கட்சியானாலும் ஃபேவலை வெறுத்துவிடுகிறார். அதிகாரத்தின் நுண்ணிய வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு வேடிக்கை. ஹிட்ச்காக் 1940இல் இதைப் படமாக்கியபோது ஹாலிவுட் தணிக்கை விதி குறுக்கே வந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்பது விதி. எனவே படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். கொலை விபத்தாகிவிட்டது. காதல் கட்சிக்காரர்கள் பார்க்க மறுத்ததைத் தணிக்கைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்: கொலையை அப்படியே வைத்துக்கொண்டு இது வெறும் காதல் கதையாக முடியாது.

நம்மூருக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மனைவி கொலைச் செய்திகளுக்கு நம் தினசரிகள் போடும் தலைப்புகளில் 'நடத்தையில் சந்தேகம்' என்கிற சொற்றொடரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. யாருடைய சந்தேகம்? கொன்றவனுடையது. யார் சொன்னது? பெரும்பாலும் கொன்றவனே, போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில். செத்தவளுக்குக் கூற்று இல்லை. டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு "அவ சரியில்லையாம்பா" என்று சொல்லும் வாய், மாக்சிமை மன்னித்த வாசக மனம்தான்.

அப்படியானால் இந்த நாவலைக் கொளுத்திவிடலாமா? இல்லை. கதையோட்டம் மாக்சிமை விடுவிக்கிறது. ஆனால் நாவலின் தொடக்கம், காலத்தால் கடைசியில் நடப்பது, வேறொன்றைச் சொல்கிறது. மாளிகை எரிந்துபோய்விட்டது. வாரிசு இல்லை. இருவரும் அயல்நாட்டு ஓட்டல்களில், தெரிந்தவர் கண்ணில் படாமல், பழைய பேப்பரில் கிரிக்கெட் விவரம் படித்துக் காலம் தள்ளுகிறார்கள். சில விஷயங்களைப் பேசாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவள் இன்னும் மாண்டர்லியைக் கனவு காண்கிறாள். இதுவா காதலின் வெற்றி? தப்பித்தவர்கள் தப்பித்த பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பிரதி முதல் அத்தியாயங்களிலேயே காட்டிவிட்டது. நாம்தான் கதை வேகத்தில் மறந்துவிட்டோம். முடித்த கையோடு மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு வேறொரு நாவல் கிடைக்கிறது. கட்சிகள் பிரிவதற்கான வித்து வாசகரின் ரசனையில் மட்டும் இல்லை, இந்த இரட்டைக் கட்டுமானத்திலும் இருக்கிறது.

எனவே 'காதல் கதையா, கொலைக் கதையா' என்கிற பட்டிமன்றம் எனக்கு முக்கியமில்லை. 2020இல் வந்த படமும் கொலையைக் காட்டிவிட்டுத் தம்பதியின் அணைப்பில்தான் முடிந்தது; பட்டிமன்றம் தொடரும். வெகுஜனப் பிரதியை வாசிப்பதில் நாம் செய்ய வேண்டிய காரியம், எந்த வரியில் நம் மூச்சு சீரானது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது. கோட்பாடு பேசுகிற நாமும் அந்த வரியில் மூச்சு விட்டவர்கள்தான்.

அன்றைய கூட்டத்தில் ரொம்ப நேரம் பேசாமலிருந்த ஒரு பள்ளி ஆசிரியை கடைசியில் கேட்டார்: "அந்த லண்டன் டாக்டர் பதிவேட்டைப் படிச்சதும், அப்பாடா, ஆள் தப்பிச்சான்னு இருந்துச்சா இல்லையா? நெஜமாச் சொல்லுங்க." இரண்டே ராத்திரியில் முடித்த நண்பர் கைதூக்கினார். நானும் தூக்கினேன். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். கேட்ட அவரும்.