எட்டாவது வள்ளல் யார்?

கடையெழு வள்ளல்கள் யாவர் என்று கேளுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி! சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வகுத்த வரிசை அது. அவ்வரிசையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பாணர்க்கும் புலவர்க்கும் அவர்கள் வாரி வழங்கியதை நாம் மறுக்கவுமில்லை. ஆனால் பாடநூல் எதை எடுத்துக் காட்டுகிறது? மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர். நத்தத்தனாரோ, ஆலமரத்தடிக் கடவுளுக்கு ஆய் அளித்த நீல ஆடையையும் சேர்த்தே பாடுகிறார். மயில் குளிரென்று முறையிட்டதா என்று கேட்டால், சுவை அறியாதவன் என்று நம்மைச் சினப்பார்கள் பண்டிதர்கள். சினக்கட்டும்!

குடிசையிலிருந்து வந்து நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறானே ஒரு சிறுவன், அவன் இந்தப் பாடத்திலிருந்து பெறுவது என்ன? கொடுப்பது மலையாள்வோன் தொழில். கையேந்துவது தன் தொழில். வள்ளன்மை என்பதே செல்வர் வீட்டுச் சொத்து என்ற எண்ணம் பிஞ்சு உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

அதே சங்கத் தமிழில் வேறொரு வரிசையும் உண்டு, தோழர்களே, ஒப்புவிப்பார்தான் இல்லை. புறநானூற்றின் 163ஆம் பாட்டைப் பாருங்கள். குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்புகிறார் பெருஞ்சித்திரனார். கடன் வாங்கி அடுப்பெரித்த வீடு அது. பூட்டி வை என்றா மனைவியிடம் சொன்னார்? உற்றார்க்கும், பசித்தபோது கடன் தந்தார்க்கும், இன்னார் இனியார் என்று பாராமல் எல்லார்க்கும் கொடு, என்னைக் கேட்கவும் வேண்டாம் என்கிறார்! 316ஆம் பாட்டில், வந்த விருந்தினர்க்காகத் தன் பழைய வாளையே பணயம் வைத்தான் ஒரு வீரன். 333ஆம் பாட்டிலோ, விதைக்கென்று வைத்திருந்த தினையை உரலிலிட்டுக் குற்றி விருந்தூட்டுகிறாள் ஒருத்தி. அவள் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. தேரை இழந்த பாரிக்கு மறுநாள் வேறு தேர் உண்டு. விதையை இழந்தவளுக்கு?

விதைத் தினையையும் கொடுத்துவிடு என்று ஏழையிடம் கேட்பதற்கு எந்தச் சமுதாயத்துக்கும் உரிமையில்லை. பள்ளியும் மருத்துவமனையும் அரசின் கடமை. அதை ஏழையின் ஈகையில் ஏற்றிவிட்டு ஆள்வோர் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. அவள் செயலில் நாம் போற்றுவது இழப்பையன்று. தானும் கொடுக்க வல்லவள் என்ற நிமிர்வை.

அந்த நிமிர்வு இன்றும் அற்றுப்போகவில்லை. மதுரையை அடுத்த கொடிக்குளத்தில், வங்கி ஊழியரான ஆயி அம்மாள் என்ற பூரணம், மறைந்த தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கோயில் உண்டியலுக்கன்று, பள்ளிக்கு!

நிலம் எல்லாரிடமும் இல்லைதான். குருதி எல்லாரிடமும் உண்டே! 18 வயது நிரம்பி, உடல்நலமும் 45 கிலோ எடையும் உள்ளவர் ஒரு முறைக்கு 350 மில்லிலிட்டர் கொடுக்கலாம். ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்டிர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அந்தப் பையின்மேல் குருதிப் பிரிவைத்தான் எழுதுகிறார்கள், சாதியையன்று.

கண்களும் உண்டு. ஆனால், கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாய்ப் பிறப்போம் என்று நடுங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். கடவுளுக்கு ஆடை கொடுத்த அதே ஆயை, இப்பிறப்பில் செய்ததை மறுபிறப்புக்கு முதலாக்கும் அறவிலை வணிகன் அல்லன் என்று முடமோசியார் 134ஆம் பாட்டில் பாராட்டியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒரு புலவர் கண்ட தெளிவு, பட்டம் பெற்றோர்க்கும் இன்று வாய்க்கவில்லையே!

கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கண் கொடுக்கலாம். உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. வீட்டாரிடம் இன்றே சொல்லி வைக்க வேண்டும். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும், உடனே கண் வங்கியை அழைக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.