லோகாவின் வானம்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துச் சிறு குழுவான மோஜிகென் உருவாக்கி, 2023இல் வெளிவந்த ‘எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்’ வீடியோ விளையாட்டில் நான் கதையைவிடப் பின்னணியில்தான் அதிகம் லயித்தேன். 1990களின் இறுதி, லோகா என்ற கற்பனை ஊர். வீடு, கடை, தெரு எல்லாமே சின்னச் சின்னச் சதுரப் பிக்சல்கள். மேலே மட்டும் ஜப்பானிய அனிமேக்கே உரிய வானம், வெயில் ஏறிய மேகங்களோடு.

நாயகன் அத்மா நடக்க நடக்க, அருகில் இருப்பவை விரைந்து நகர்கின்றன. தொலைவில் இருப்பவை மெல்ல. அடுக்கடுக்காக வரைந்து வெவ்வேறு வேகத்தில் நகர்த்தும் பழைய உத்திதான். தட்டைப் படத்துக்கு எப்படி ஆழம் வந்துவிடுகிறது!

ஜப்பானியப் பாணியை எடுத்துக்கொண்டவர்கள் டோக்கியோவை வரையவில்லை, தங்கள் நாட்டை வரைந்தார்கள். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிச் சீருடைகூட இந்தோனேசிய மேல்நிலைப் பள்ளிகளின் வெள்ளையும் சாம்பலும்தான். தெருப் பூனைகளைத் தடவிக்கொடுக்கலாம், பெயரும் வைக்கலாம்.