முடியாமல் நிற்கும் வீடுகள்: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

பயனாளி தானே முன்னின்று வீடு கட்டிக்கொள்வது இலங்கை, இந்தியா இரண்டிலும் அரசு வீட்டுத் திட்டங்கள் பலவற்றின் அடிப்படை. ஒப்பந்தக்காரரின் லாபம் மிச்சமாகும், குடும்பம் தன் தேவைக்கேற்ற வீட்டைப் பெறும் என்பது இதன் நோக்கம். பல்லாயிரம் குடும்பங்களுக்கு இம்முறை நல்ல வீடு தந்திருக்கிறது. தவறிய இடங்களிலோ கடனும் அரைச்சுவரும்தான் மிஞ்சின. தவறிய விதம் இரு நாடுகளிலும் வேறு வேறு.

இலங்கையில் இதன் பெரிய எடுத்துக்காட்டு, 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள் திட்டம். அவற்றில் ஏறத்தாழ 46,000 வீடுகள் போரால் சிதைந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கானவை. 2012 முதல், புதிய வீடு கட்டும் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் தவணைகளாகக் கிடைத்தது. அளவு சுமார் 550 சதுர அடி. மேசனைப் பிடிப்பது, மணலும் சீமெந்தும் ஏற்றுவது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு.

ஒரே காலத்தில் ஊர் முழுவதும் கட்டத் தொடங்கியதால் மணல், மரம், மேசன் கூலி எல்லாம் விலையேறின. உதவித் தொகை மட்டும் ஏறவில்லை. ஆண் துணையில்லாத குடும்பங்கள் மண் வெட்டுவதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. மகளுக்குச் சீதனமாகும் என்று அத்திவாரத்தைப் பெரிதாக்கியவர்கள் உண்டு. ஓர் அறை கூடினால் சுவரும் ஓடும் கைமரமும் சேர்ந்து கூடும். நகை அடகுக்குப் போனது. கூரை ஏறிய பின்னும் கதவும் பூச்சும் இல்லாத வீடுகளில் குடும்பங்கள் குடியேறின.

இலங்கை அரசின் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களில் அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல ஊர்களில் கொடுப்பனவு நின்றது. தவணையை நம்பி, இருந்த கொட்டிலையும் பிரித்தவர்கள் அரைச்சுவருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் வாழ்ந்தார்கள். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை பல மடங்காக, மீதி வேலை எட்டாத தூரத்துக்குப் போனது.

இந்தியாவில் 2016இல் தொடங்கிய பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டம் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாயும், வேலை உறுதித் திட்டத்தில் 90 நாள் கூலியும் தந்தது. வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்த விதி இடம் தரவில்லை. கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு கூடுதல் தொகை சேர்த்தது. மாநிலத்தின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்.

தமிழ்நாட்டுச் சிக்கலின் முடிச்சு கூரையில் இருக்கிறது. ஓட்டுக் கூரையை மரம் ஒரு மாதம், ஓடு ஒரு மாதம் என்று பிரித்துச் செய்யலாம். கான்கிரீட் தளம் ஒரே நாளில் போட வேண்டியது. சென்ட்ரிங், கம்பி, ஜல்லி, கலவை இயந்திரம், ஆள்கூலி என எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். கூரைக்கான தவணையோ தளம் போட்டு, அலுவலர் பார்த்த பிறகுதான் வரும். அந்த இடைவெளியைக் கந்துவட்டி நிரப்புகிறது. கடன் கிடைக்காத வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. நீட்டிய கம்பியில் துருவேறுகிறது, மூடாத சுவர் ஒவ்வொரு மழையையும் குடிக்கிறது. பிறகு தொடங்கும்போது பழுது பார்க்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, இலங்கையில் விலையேற்றமும் நின்றுபோன கொடுப்பனவும், தமிழ்நாட்டில் கூரை நாளின் மொத்தச் செலவும் குடும்பத்தைச் சாய்க்கின்றன. இரண்டிலும் பொதுவான தவறு, கையிருப்பை மீறி அஸ்திவாரம் போடுவது. அஸ்திவாரத்தின் அளவு முடிவானபின் செலவைக் குறைக்க இடம் அதிகமில்லை. எனவே அஸ்திவாரம் தோண்டும் முன்பே வரைபடத்தோடு செலவுக் கணக்கையும் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டுக் கொடுப்பது அலுவலரின் முதல் கடமை. விலைவாசிக்கேற்பத் தொகையை உயர்த்துவதும், கூரைத் தவணையைத் தளம் போடும் முன்பே தருவதும் அரசுகள் செய்ய வேண்டியவை. கட்டும் பொறுப்பைக் குடும்பத்திடம் விடலாம். விலையேற்றத்தின் சுமையையும் அதன் தலையிலேயே ஏற்றுவது நியாயமல்ல.