இருமல் சத்தத்துக்கு நடுவே ஒரு ராட்சசன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்லப்போகும் ஒலிப்பதிவில் கூட்டம் இருமித் தள்ளுகிறது. 1958 பிப்ரவரி, பல்கேரியாவின் சோஃபியா, நல்ல குளிர். மேடையில் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர், முஸோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் சித்திரங்கள்' வாசிக்கிறார். ஒலிப்பதிவு சுமார் ரகம். விரல்கூட அங்கங்கே தப்பான கட்டையில் விழுகிறது. இருக்கட்டுமே! பியானோவில் நான் கேட்டவற்றில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. அதில் 'சூனியக்காரியின் குடிசை' என்ற பகுதி முடியும் இடத்தில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஓடி, மூச்சு விடாமல் அடுத்த பகுதியான 'கீவ் நகர வாசலில்' போய் முட்டும். முதல் தடவை கேட்டபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

யார் இந்த மனுஷர் என்று தேடப்போனால், வாழ்க்கை வாசிப்பை விடப் பெரிய கதை. 1915-இல் உக்ரைனில் பிறந்து ஒடெசாவில் வளர்ந்தவர். அப்பா ஜெர்மானிய வம்சாவளி, பியானோவும் ஆர்கனும் வாசிப்பவர். பையன் ஒழுங்காகப் பாடம் கற்றுக்கொண்டவன் இல்லை. கிடைத்த ஓபராக்களையெல்லாம் பியானோவில் வாசித்துப் பார்த்தே தேறினான். பிறகு ஒடெசா ஓபராவில் ஒத்திகைக்கு வாசிக்கும் வேலை. 22 வயதில் மாஸ்கோ போய் பியானோ ஆசிரியர் ஹைன்ரிக் நெய்கவுஸ் முன்னால் உட்கார்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த நெய்கவுஸ், பக்கத்திலிருந்த மாணவியிடம் இவன் மேதை போலிருக்கிறதே என்று கிசுகிசுத்தாராம். அரசியல் வகுப்புகளுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து இசைக் கல்லூரியிலிருந்து மாணவர் வெளியேற்றப்பட, குருவே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். தங்கியது குரு வீட்டில், படுக்கை பியானோவுக்கு அடியில். குருகுலவாசம் என்றால் இதல்லவா!

1941-இல் அப்பாவை ஜெர்மன் உளவாளி என்று சொல்லி சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்டில்தான் அவர் தொடர்ந்து வாசித்தார். எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

1943 ஜனவரியில் புரோகோஃபியெவின் ஏழாவது சொனாட்டாவை முதன்முதலில் மேடையேற்றியவர் ரிக்டர். பாடம் பண்ண எடுத்துக்கொண்டது நான்கே நாள். அதன் கடைசிப் பகுதியைக் கேட்டால் நம் ஆட்கள் தொடையில் தாளம் போடாமல் இருக்க முடியாது. ஏழு எண்ணிக்கை: தக தகிட தக, தக தகிட தக. நம்ம மிஸ்ர சாபுவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் சாவகாசம் கொஞ்சமும் இல்லாத சொந்தக்காரன். இடது கை அடிமட்டத்தில் விடாமல் இடித்துக்கொண்டே இருக்க, வேகம் ஒரு மயிரிழை கூடுவதில்லை, குறைவதில்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மேற்கத்திய உலகம் அவருக்காகக் காத்திருந்தது. 1955-இல் அமெரிக்கா போன இன்னொரு சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸை எல்லோரும் புகழ, அவரோ, ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்றார். எவ்வளவு பெரிய மனசு! 1960-இல் ரிக்டர் கார்னகி ஹாலுக்கு வந்தபோது பொறுத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

இடிமுழக்கம் மட்டும்தான் அவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஷூபர்ட் சாவதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதிய பி-ஃபிளாட் சொனாட்டாவை ரிக்டர் எடுத்தால் முதல் பகுதியே 20 நிமிஷத்தைத் தாண்டும். அத்தனை விளம்பம். ஆரம்பத்திலேயே கீழ்க்கட்டையில் ஒரு முணுமுணுப்பு வரும். தூரத்து இடி மாதிரி. அது அடங்கியதும் ஒரு நிசப்தம் விடுவார் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். ஷூபர்ட்டின் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம் பிடிக்காத பியானோ கலைஞர் கிளென் கூல்ட், 1957-இல் மாஸ்கோவில் ரிக்டர் வாசித்த இதே சொனாட்டாவைக் கேட்டு மயங்கிப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கூல்ட் ரசிகர்களோடு வாக்குவாதம் வந்தால் நான் எடுத்து வீசும் துருப்புச் சீட்டு இது.

வயதாக ஆகக் கிறுக்கும் கூடியது, என் பிரியமும் கூடியது. அரங்கை இருட்டாக்கி, இசைக்குறிப்புத் தாளின் மேல் மட்டும் சின்ன விளக்கு. என் மூஞ்சியையும் விரலையும் பார்க்காதே, இசையைக் கேள் என்ற கணக்கு. பிரான்சில் தூர் நகருக்குப் பக்கத்தில் 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் கொட்டகை ஒன்று பிடித்துப்போய், 1964-இல் அங்கேயே ஓர் இசை விழாவைத் தொடங்கிவிட்டார். மன உளைச்சலில் இருந்த காலத்தில் பிளாஸ்டிக் சிங்கி இறால் ஒன்றை மேடை ஓரம்வரை கூடவே கொண்டுபோவாராம். சிரிப்பு வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. புரூனோ மோன்சேன்ஜோன் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கிழவர் தன்னையே தனக்குப் பிடிக்கவில்லை என்று முடிக்கிறார். அபாண்டம்!

1986-இல், எழுபதைத் தாண்டிய பிறகு, யமஹா பியானோவோடு சைபீரியாவுக்குக் கிளம்பினார். ஆறு மாதம், ஏறக்குறைய 150 கச்சேரிகள். கச்சேரி மண்டபம்கூட இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். அன்று பள்ளிப் பிள்ளையாக அங்கே உட்கார்ந்து கேட்ட யாராவது ஒருவரைப் பிடித்து, என்ன வாசித்தார், எந்தக் காலத்தில் எடுத்தார், ரெண்டாவது தடவை கேட்டார்களா என்று துளைத்தெடுக்க வேண்டும் எனக்கு.