மதகுச் சாவி யாரிடம்?

சைட்டில் கான்கிரீட் லாரிக்காகக் காத்திருந்த ஒரு மதியம், வங்கதேசத்தின் குல்னாவிலிருந்து வந்திருந்த தொழிலாளியிடம் ஏன் ஊரைவிட்டு வந்தீங்க என்று கேட்டேன். புயல், கடல் மட்டம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். “ஆயர் மாசின், போஸ்” என்றார். உப்புத் தண்ணீர். பிறகு இரண்டு கைகளாலும் எதையோ மேலே தூக்குவதுபோல் காட்டினார். அந்தச் சைகை அப்போது எனக்குப் புரியல. காசியா பாப்ராக்கியின் ‘த்ரெட்டனிங் டிஸ்டோப்பியாஸ்’ (2021) நூலைப் படித்தபோதுதான், அவர் காட்டியது மதகுக் கதவு என்று உறைத்தது.

வங்கதேசத்தின் தென்மேற்கு டெல்டாவைப் பற்றிய ஆய்வு நூல் இது. 1960களில் அமெரிக்க உதவிப் பணத்தில் அங்கே ஆறுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே கரைகள் கட்டினார்கள். கரைக்குள் அடங்கிய நிலத்துக்குப் போல்டர் என்று டச்சுப் பெயர். உப்பைத் தடுத்து நெல்லைப் பெருக்குவது நோக்கம். 1980களில் ஏற்றுமதி இறால் வந்தது. உப்பைத் தடுக்க வைத்த மதகுகளைத் திறந்து, உப்புத் தண்ணீரை வயலுக்குள் விட்டார்கள். நெல்லுக்கு நடவு, களை, அறுப்பு என்று ஆள் வேண்டும். இறால் குளத்துக்குச் சிலர் போதும். வேலை போனது நிலமில்லாத கூலிகளுக்கு. இன்று அதே இறால் வளர்ப்பு ‘பருவநிலை மாற்றத்துக்கான தகவமைப்பு’ என்று பேசப்படுகிறது. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ‘பருவநிலை அகதிகள்’ ஆகிவிட்டார்கள்.

பாப்ராக்கியின் வாதத்துக்கு வலுவான சாட்சி 22ஆம் போல்டர். 1990 நவம்பரில் இறால் முதலாளிக்கு எதிரான ஊர்வலத்தில் கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். அதன்பின் அந்த ஊர் இறாலை உள்ளே விடல. அங்கே நெல் விளைகிறது. பக்கத்திலேயே இறால் குளங்கள். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே புயல்.

பல்கலைக்கழகத்தில் கரையின் உயரம், சரிவு, கசிவு எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன். மதகுச் சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்வி ஒரு தேர்விலும் வந்ததில்ல.

நூலின் மொழி கனம். கல்விப்புலச் சொற்களைத் தாண்டித்தான் மனிதர்களிடம் போக முடிகிறது. அவசரமாகப் படித்தால், கடல் உயர்வதே கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை. கடல் ஏறுகிறது, கரை மறித்ததால் வண்டல் வராமல் போல்டர் நிலமும் தாழ்கிறது. 22ஆம் போல்டரும் ஒரு நாள் மூழ்கலாம். அதுவரை அங்கே எதை விதைப்பது என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

நம் பாட்டன்மார் பஞ்சத்தில் கப்பலேறினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1876–78 பஞ்சத்தின்போதும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. மழைமேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் சாவியைத் தேடாமல் இருந்துவிட்டோம்.