வெறும் நிலம் என்றொரு கதையாடல்

இரும்பை மாகாளம் கோயில் லிங்கம் கடுவெளிச் சித்தரின் கோபத்தில் வெடித்ததாகச் சொல்வார்கள். பக்கத்திலிருக்கும் ஆரோவில்லில் புழங்கும் வடிவத்தில் இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு: சாபத்தில் வறண்ட மண்ணைத் தூரதேசத்து மனிதர்கள் வந்து பசுமையாக்குவார்களாம். எனக்கு அந்த வால்தான் முக்கியமாகப் படுகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் போட்டுத் தொடங்கிய ஒரு சமூகம், தன் வருகைக்கு நம்ம ஊர் சித்தர் வாயிலிருந்தே அத்தாட்சி வாங்கிக்கொள்கிறது.

அகத்தைப் புதுப்பிப்பதும் நிலத்தைப் புதுப்பிப்பதும் ஒன்றே என்பது ஆரோவில் சொல்லாடலின் அச்சு. இது சுழல வேண்டுமானால் நிலம் முதலில் செத்திருக்க வேண்டும். செம்மண் அரித்து ஓடையாகக் கிடந்தது உண்மை. மழை பெய்தால் மண் கடலுக்குப் போனதும் உண்மை. ஆனால் பனையும் முந்திரியும் நின்றன. மானாவாரி நடந்தது, ஆடு மாடு மேய்ந்தது. நகரத்தின் மையமென்று குறிக்கப்பட்ட ஆலமரமே ஆரோவில்லுக்கு மூத்ததுதானே! ‘பாலைவனம்’ என்கிற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் காணாமல் போகிறது. கூடவே குயிலாப்பாளையமும் இடையஞ்சாவடியும்.

காட்டை நான் மறுக்கவில்லை. வரப்பு போட்டு, மழைநீரை விழுந்த இடத்திலேயே இறக்கி, முதலில் ஆஸ்திரேலிய அக்கேசியாவை வைத்து நிழல் உண்டாக்கி, அப்புறம் இந்த மண்ணின் மரங்களுக்கு நகர்ந்தது பெரிய காரியம். சந்தேகப்படுகிறவர்கள் ஒருதரம் போய்ப் பார்க்கட்டும். என் கேள்வி இலக்கணம் சம்பந்தப்பட்டது: ‘நட்டோம்’ என்பதன் எழுவாய் யார்? குழி வெட்டிய, தண்ணீர் சுமந்த கைகளில் சுற்றுக் கிராமத்துக் கூலிக் கைகளும் உண்டு. அதே குழி ஒருத்தருக்குக் கர்மயோகம், இன்னொருத்தருக்கு அன்றாடக் கூலி. காட்டின் சரித்திரத்தில் முதலாமவருக்குத்தான் தன்னிலை வாய்க்கிறது.

விதை எங்கிருந்து வந்தது? வீரை, காயா, கருங்காலி என்று இந்தக் கடற்கரைக் காட்டின் மிச்சமெல்லாம் கோயில்காடுகளில் ஒதுங்கியிருந்தது. மரக்காணம் போகிற வழியில் புத்துப்பட்டு அய்யனார் காடு மாதிரி. மரம் வளர்ப்பவர்கள் விதை பொறுக்கியது இப்படிப்பட்ட காடுகளில்தான். அங்கே யாரும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போனதில்லை. பயந்தார்கள், நேர்ந்துகொண்டார்கள், சுள்ளி ஒடிக்கக் கூசினார்கள். சாசனம் எழுதாத ஒரு சமூகத்தின் பயம் விதையைக் காத்திருக்கிறது. (இதையும் புனிதமாக்கிவிட வேண்டாம். சாமி எல்லையில் யார் எங்கே நிற்கலாம் என்பதற்குச் சாதிக் கணக்கு உண்டு.)

2021 டிசம்பரில் வட்டச் சாலை போட, வளர்ந்த காட்டுக்குள் புல்டோசர் புகுந்தது. 50,000 பேருக்கென்று 1960களில் போட்ட நகர வரைபடத்தில் காடு நின்ற இடம் மறுபடியும் வெறும் நிலம். மரங்களுக்கு முன்னால் நின்றவர்களும் சாலை கேட்டவர்களும் அன்னையின் கனவையே சாட்சிக்கு அழைத்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் மேற்கொண்டு கட்டக் கூடாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காட்டுக்கு உரிமை கோரியவர்கள் ஒரு பக்கம், நகரத்துக்கு உரிமை கோரியவர்கள் இன்னொரு பக்கம். குழி வெட்டியவர்களை எந்தப் பக்கம் சாட்சிக்குக் கூப்பிட்டது?